ஒற்றை எஞ்சின் பயனியரை ஃபிளைட்கியரில் கட்டுகிறோம்: பறக்கும் தன்மை, காக்பிட், ஒலி எல்லாம் இங்கே பேசலாம்

சிப்புட் சிறகு எழுதியது:

வணக்கம். ஃபிளைட்கியர் என்ற கணினி விமான சிமுலேட்டருக்காக ஸ்காட்டிஷ் ஏவியேஷன் பயனியர் விமானத்தைக் கட்ட ஆரம்பித்திருக்கிறேன். பின்னால் வந்த ட்வின் பயனியர் அல்ல, அதற்கு முந்திய ஒற்றை எஞ்சின் விமானம்.

மலேசியாவின் சுங்கை சிப்புட்காரர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 1948 ஜூன் 16 அன்று தோட்டத் துரைகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டது எங்கள் ஊரைச் சுற்றியிருந்த எஸ்டேட்களில்தான். அதைத் தொடர்ந்து, கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கு எதிராக வந்த அவசரகாலம் 1960 வரை நீடித்தது. அந்த வருடங்களில் ஓராங் அஸ்லி பழங்குடி மக்கள் வாழும் உள்காட்டில் சிறு கோட்டைகள் எழுப்பினார்கள். அவற்றில் ஒன்றான லெகாப், எங்கள் டவுனிலிருந்து உள்ளே தள்ளி, சுங்கை பிளஸ் ஆற்றின் மேற்பகுதியில் இருக்கிறது. அந்த மாதிரி இடங்களுக்கு அரிசி, மருந்து, ஆட்கள் எல்லாம் வான்வழியாகத்தான் போக வேண்டியிருந்தது. 1954 முதல் காட்டுக் கோட்டைகளின் குறுகிய ஓடுபாதைகளில் இறங்கி ஏறிய விமானம் இந்தப் பயனியர்.

இதுவரை கையில் உள்ளவை: இறக்கை அகலம் 49 அடி 9 அங்குலம், இறக்கைப் பரப்பு 390 சதுர அடி, அதிகபட்ச எடை 5,800 பவுண்டு, ஒன்பது சிலிண்டர் ஆல்விஸ் லியோனிடஸ் எஞ்சின், 520 குதிரைத்திறன். ஏறுவதற்கு 75 கஜம், இறங்குவதற்கு 66 கஜம் போதும் என்று அந்தக் காலத்தில் பெருமையாகச் சொன்னார்கள்.

ஒன்றில் மட்டும் உறுதியாக இருக்கிறேன். ஏற்கனவே உள்ள செஸ்னா விமானத்தின் பறக்கும் தன்மையை எழுதிவைத்த கோப்பை எடுத்து, அதன்மேல் பயனியர் உருவத்தைப் போர்த்தி வெளியிடமாட்டேன். முதலில் பறக்கும் தன்மை. உருவம் பிறகு. உதவ விரும்புவோர் வாருங்கள்.

ஈப்போ ஓடுபாதை எழுதியது:

தம்பி, ஆசை நல்ல ஆசை. ஆனால் கேட்கிறேன், ஏன் ட்வின் ஓட்டர் இல்லை? சரவாக் உள்நாட்டில், பாரியோ மாதிரி இடங்களுக்குப் பல வருடமாகப் பறந்த விமானம். ஓட்டிய விமானிகள் இருக்கிறார்கள், கையேடு கிடைக்கும், காணொளிகள் நிறைய. நாம் கட்டியது சரியா தப்பா என்று ஒருவர் உட்கார்ந்து பார்த்துச் சொல்ல முடியும். பயனியர் மொத்தமே 59தான் கட்டப்பட்டது. இன்று யாரைக் கேட்பாய்? சரிபார்க்க ஆள் இல்லாத விமானத்துக்கு "நிஜம்" என்ற சொல்லைப் போடலாமா? எனக்கு அது உறுத்துகிறது.

சிப்புட் சிறகு எழுதியது:

அண்ணே, கேள்வி நியாயம். ட்வின் ஓட்டரை ஏரோசாஃப்ட் மாதிரி பெரிய குழுக்கள் ஏற்கனவே நன்றாகச் செய்துவிட்டன. நம்மைப் போன்ற நாலைந்து பேர் இன்னொன்று செய்து அதில் சேர்ப்பதற்கு அதிகம் இல்லை.

சரிபார்ப்பதற்கு ஆள் மட்டும்தான் வழி என்று நான் நினைக்கவில்லை. இயற்பியலைக் கேட்கலாம். எடை, பரப்பு, குதிரைத்திறன் மூன்றும் தெரிந்தால் ஒரு விமானம் செய்யக்கூடாததை நிறையவே சொல்லிவிடலாம். அதோடு பிரிட்டிஷ் ஆகாயப்படை தன் விமானிகளுக்குக் கொடுத்த பைலட்ஸ் நோட்ஸ் வகைக் கையேடுகளில் வேகம், பூஸ்ட் (எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தம்), வெப்பநிலை வரம்புகள் எல்லாம் எண்ணாகவே இருக்கும். பழைய விமானி ஒருவருடைய நினைவைவிட அந்த எண்களை நான் அதிகம் நம்புவேன்.

பழைய ஃபிட்டர் எழுதியது:

தம்பிகளா, நான் எஸ்டேட் ஃபேக்டரியில் எஞ்சின் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். சிமுலேட்டர் எனக்கு என் பேரன் காட்டிக்கொடுத்தது. விமானத்தை ஓட்டவில்லை, ஆனால் எஞ்சின் என்றால் என்ன என்று தெரியும். பேரன் காட்டிய விமானங்களில் நட்சத்திர வடிவ எஞ்சினை ஒரு பொத்தானை அமுக்கிக் கிளப்பி, அடுத்த நொடியே முழு த்ராட்டில் கொடுத்துப் பறக்கிறார்கள். பார்க்கவே மனசு பதறுகிறது.

அந்த வகை எஞ்சினில் நின்றுகொண்டிருக்கும்போது எண்ணெய் கீழே வடிந்து கீழ்ப்பக்கத்துச் சிலிண்டர்களில் தேங்கும். எண்ணெய் சுருங்காது. அப்படியே கிளப்பினால் பிஸ்டன் அதில் மோதி கனெக்டிங் ராட் வளைந்து போகும். அதனால்தான் கிளப்புவதற்கு முன் காற்றாடியைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பார்ப்பார்கள். தடை தெரிந்தால் கீழ்ச் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி எண்ணெயை வடிப்பார்கள். இது இல்லாமல் நிஜம் என்று சொல்லாதீர்கள்.

இன்னொன்று. எண்ணெய் சூடாகும் வரை காத்திருக்க வேண்டும். எவ்வளவு அவசரமானாலும் சரி.

சிப்புட் சிறகு எழுதியது:

ஐயா, இதைத்தான் எதிர்பார்த்தேன். செய்யலாம். ஃபிளைட்கியரில் நாசால் என்ற சிறு நிரல்மொழி இருக்கிறது. எஞ்சின் கடைசியாக நின்ற நேரத்தைக் கோப்பில் எழுதிவைத்து, அடுத்த முறை திறக்கும்போது எத்தனை மணி நேரம் கழிந்தது என்று கணக்கிட்டு, கீழ்ச் சிலிண்டர்களில் எண்ணெய் அளவை ஏற்றலாம். பயனர் காற்றாடியைச் சுட்டியால் சொடுக்கி ஒவ்வொரு பிளேடாகச் சுற்றவேண்டும். சுற்றாமல் கிளப்பினால் எஞ்சின் கெடும், அடுத்த பறப்பிலும் கெட்டதாகவே இருக்கும். விரும்பாதவர்கள் அதை அணைத்துவைக்க ஒரு தேர்வும் தருவேன்.

ஈப்போ ஓடுபாதை எழுதியது:

சரி, பயனியர்தான் என்றால் பயனியர். அப்போது வேலைக்கு வருவோம். 75 கஜத்தை எப்படி எட்டப் போகிறாய்? அந்த எண்ணை முதலில் பிடித்துக்கொண்டு, கிடைக்கும் வரை லிஃப்டை, அதாவது இறக்கையின் தூக்குவிசையை, ஏற்றுவதுதான் எல்லோரும் செய்வது. அதற்குப் பிறகு விமானம் பட்டம் மாதிரி மிதக்கும்.

சிப்புட் சிறகு எழுதியது:

அந்த வழியில் போகமாட்டேன் அண்ணே. விமானத்தின் இயக்கத்தைக் கணக்கிடும் ஜேஎஸ்பிசிம் நிரலைப் பயன்படுத்துகிறேன், அதனால் ஒவ்வொரு விசையையும் அட்டவணையாக நானே எழுத வேண்டும். அதில் ஏமாற்றினால் உடனே தெரியும். என் கணக்கைப் போடுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

5,800 பவுண்டு, 390 சதுர அடி. லிஃப்டைக் கூட்டும் ஃபிளாப்பும் ஸ்லாட்டும் இல்லாமல் இறக்கையின் அதிகபட்ச லிஃப்ட் குணகத்தை 1.5 என்று எடுத்தால், கடல் மட்டத்தில் ஸ்டால் வேகம் (அதற்குக் கீழே இறக்கை விமானத்தைத் தாங்காது) ஏறக்குறைய 54 நாட். பயனியருக்கு முன்விளிம்பில் ஸ்லாட், பின்னே பெரிய ஃபவுலர் ஃபிளாப். அவை எல்லாம் வெளியே வந்தபின் குணகம் 2.5 என்றால் 42 நாட், 3 என்றால் 38 நாட். எஞ்சின் சும்மா சுற்றும்போது இதற்குக் கீழே என் விமானம் பறக்கக்கூடாது. யார் என்ன சொன்னாலும் அந்த அட்டவணையை 3க்கு மேல் ஏற்றமாட்டேன்.

மீதி லிஃப்ட் காற்றாடியிலிருந்து வரவேண்டும். மூக்கில் உள்ள காற்றாடி பின்னால் தள்ளும் காற்று இறக்கையின் நடுப்பகுதி மீதும் ஃபிளாப் மீதும் வேகமாகப் போகிறது. விமானம் 35 நாட்டில் போனாலும் அந்தப் பகுதி அதைவிட அதிக வேகத்தை உணர்கிறது. காற்றாடி தூண்டும் காற்று வேகத்தை ஜேஎஸ்பிசிம் ஒரு மாறியாகத் தருகிறது. அதை எடுத்து, இறக்கையை இரண்டாகப் பிரித்து, காற்றாடிக் காற்று படும் பரப்புக்குத் தனி அழுத்தமும் படாத பரப்புக்குத் தனி அழுத்தமும் போட்டு லிஃப்டைக் கூட்டுகிறேன். வால் பகுதிக்கும் அதே முறை.

இதனால் கிடைக்கும் பலன் தூரம் மட்டும் இல்லை. ஓடுபாதைக்கு முன்னால், மூக்கைத் தூக்கி எஞ்சின் பலத்தில் தொங்கிக்கொண்டு வரும்போது த்ராட்டிலைச் சட்டென்று இழுத்தால், வேகம் குறைவதற்கு முன்னாலேயே லிஃப்ட் விழும். விமானம் தொப்பென்று உட்காரும். குறுகிய ஓடுபாதை விமானங்களின் உயிரே அதுதான். லிஃப்ட் குணகத்தை 4.5க்கு ஏற்றிவைத்தால் அது வராது.

ஈப்போ ஓடுபாதை எழுதியது:

இது பிடித்திருக்கிறது. எக்ஸ்பிளேன் சிமுலேட்டர் என்றால் அதன் பிளேன் மேக்கர் கருவியில் இறக்கை வடிவத்தைக் கொடுத்தவுடன் காற்றாடிக் காற்றை அதுவே துண்டு துண்டாகக் கணக்கிட்டுவிடும். நீ கையால் எழுதுகிறாய். வேலை அதிகம், ஆனால் ஒவ்வொரு எண்ணும் எங்கிருந்து வந்தது என்று உன்னால் காட்ட முடியும்.

ஒரு திருத்தம் மட்டும். 75 கஜம் என்பது ஸ்காட்லாந்துக் குளிரில் உள்ள பிரெஸ்ட்விக் கம்பெனி சொன்ன எண். நம் ஊர் மதியம் 30 டிகிரிக்குக் குறையாது. கடல் மட்டத்திலேயே அடர்த்தி உயரம் (எந்த உயரத்துக் காற்று மாதிரி மெலிந்திருக்கிறது என்பது) ஏறக்குறைய 1,800 அடி ஆகிவிடும், காற்றின் அடர்த்தி 5 சதவீதம் குறைவு. வேகமானியில் ஸ்டால் அதே எண்ணில்தான் தெரியும், ஆனால் நிஜ வேகம் கூடியிருக்கும், காற்றாடி தரும் உந்துவிசை குறைந்திருக்கும். இரண்டும் சேர்ந்தால் ஓட்டம் 5 சதவீதத்துக்கும் மேலே நீளும். காட்டு ஓடுபாதையில் அதுவே பெரிய தூரம். அதனால் சோதனையை 15 டிகிரியில் ஒன்றும் 30 டிகிரியில் ஒன்றும் தனித்தனியாக ஓட்டு. முதல் சோதனையில் மட்டும் 75 கஜத்தோடு ஒப்பிடு.

கருவிப்பலகை எழுதியது:

நான் பீடோரிலிருந்து. பிளெண்டர் என்ற முப்பரிமாண வடிவமைப்பு நிரலில் காக்பிட் செய்வேன். சேர்ந்துகொள்ளலாமா?

வருவதற்கு முன்னாலேயே ஒரு வேண்டுகோள். பூஸ்ட் கருவியை அமெரிக்க விமானம் மாதிரி பாதரச அங்குலத்தில் போட்டுவிடாதீர்கள். பிரிட்டிஷ் விமானத்தில் அது சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்று, கடல் மட்டத்தின் நிலையான காற்றழுத்தத்துக்கு மேலும் கீழுமாகக் காட்டும். சிமுலேட்டர் பாதரச அங்குலத்தில்தான் தரும். அதிலிருந்து 29.92ஐக் கழித்து 2.036ஆல் வகுத்தால் போதும். 38.1 அங்குலம் என்றால் முள் +4இல் நிற்க வேண்டும்.

எஞ்சின் அணைந்து நிற்கும்போதும் முள்ளைப் பாருங்கள். கடல் மட்டத்தில் ஏறக்குறைய சுழியத்தில் இருக்கும். ஆயிரம் அடி உயரத்தில் உள்ள இடத்தில் நிறுத்தினால் சுழியத்துக்கு அரைப் பவுண்டு கீழே இருக்கும். இந்தச் சின்ன விஷயத்தைக் கவனித்துச் செய்த விமானத்தில் உட்காரும்போது, யாரோ நமக்காகப் பாடுபட்டிருக்கிறார்கள் என்று தெரிகிறது.

சிப்புட் சிறகு எழுதியது:

அக்கா, கண்டிப்பாக வாருங்கள். காக்பிட் உங்களுடையது.

கருவிப்பலகை எழுதியது:

நன்றி தம்பி. படங்களிலிருந்து அளவு எடுப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. கிட்டே நின்று அகலக் கோணத்தில் எடுத்த படத்தில் மூக்கு பெருத்தும் வால் சிறுத்தும் இருக்கும். தூரத்திலிருந்து நீள லென்ஸில் பக்கவாட்டாக எடுத்த படம்தான் பயன்படும். அதில் தெரிந்த ஒரு அளவை, உதாரணமாக இறக்கை அகலத்தையோ மொத்த நீளத்தையோ, ஆதாரமாக வைத்து மற்றதை அளக்க வேண்டும். சுங்கை பீசியில் இருந்த ஆகாயப்படை அருங்காட்சியகத்துக்குப் போனவர்கள் யாராவது ட்வின் பயனியர் படம் எடுத்திருந்தால் அனுப்புங்கள். 1958இல் நம் ஆகாயப்படை தொடங்கியபோது அதன் முதல் விமானமே அந்த வகைதான். இரண்டு வகை விமானத்திலும் எஞ்சின் லியோனிடஸ் குடும்பம் என்பதால் சில கருவிகளுக்காவது துப்பு கிடைக்கும்.

பழைய ஃபிட்டர் எழுதியது:

அம்மா, பெயின்ட் புதுசாக மினுங்க வேண்டாம். செம்மண் ஓடுபாதையில் இறங்கிய விமானத்தின் வயிற்றிலும் வால் சக்கரத்துக்கு முன்னாலும் செம்மண் கறை இருக்கும். எஞ்சினுக்குக் கீழே எண்ணெய் வழிந்த கோடு இருக்கும். அந்த எஞ்சின் எண்ணெய் கசியவில்லை என்றால் உள்ளே எண்ணெய் இல்லை என்று பொருள்.

செம்பனைக்காடு எழுதியது:

புதியவன். ஒரு சந்தேகம். மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரில் செய்தால் நிறைய பேர் பார்ப்பார்களே, ஏன் ஃபிளைட்கியர்? அப்புறம், என்னிடம் உள்ளது பழைய லேப்டாப். நானும் உதவ முடியுமா?

சிப்புட் சிறகு எழுதியது:

முடியும். ஃபிளைட்கியரைத் தேர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். சிமுலேட்டர் இலவசம், விமானக் கோப்புகள் எல்லாம் எக்ஸ்எம்எல் உரை. சாதாரண உரைத் தொகுப்பியில் திறந்து எண்ணை மாற்றலாம். ஜிபிஎல் உரிமத்தில் வெளியிட்டால் நமக்குப் பிறகு இன்னொருவர் எடுத்து வளர்க்கலாம். தோட்டத்துப் பள்ளியில் படித்த ஒரு பிள்ளை பத்து வருடம் கழித்து இதைத் திறந்து ட்வின் பயனியர் செய்தால் அதைவிட எனக்கு வேறென்ன வேண்டும்.

உன் லேப்டாப்புக்கு ஒரு வேலை இருக்கிறது. ஜேஎஸ்பிசிம் படம் எதுவும் இல்லாமல் தனியாகவே ஓடும். ஒரு சோதனைக் கோப்பு கொடுத்தால், எடை, வெப்பம், ஃபிளாப் நிலை எல்லாவற்றையும் மாற்றி மாற்றி ஓட்டி முடிவை அட்டவணையாக எழுதிவைக்கும். கிராபிக்ஸ் அட்டை தேவையே இல்லை. நாசா 2015இல் பல சிமுலேஷன் நிரல்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்த சோதனையிலும் ஜேஎஸ்பிசிம் இருந்தது, அதனால் அடிப்படைக் கணக்கைப் பற்றிக் கவலை வேண்டாம். தப்பு இருந்தால் நாம் கொடுக்கும் எண்ணில்தான் இருக்கும்.

செம்பனைக்காடு எழுதியது:

அண்ணே, ஓட்டிப் பார்த்தேன். ஓடுபாதையில் சும்மா நிற்கும்போதே விமானம் நடுங்குகிறது, சில சமயம் தூக்கிப் போடுகிறது.

ஈப்போ ஓடுபாதை எழுதியது:

அது சக்கர ஸ்பிரிங். கண்ணால் பார்த்து எண் போடாதே, கணக்கிடு. எடையில் 90 சதவீதம் முன் சக்கரங்கள் இரண்டிலும் என்றால் ஒவ்வொன்றிலும் 2,610 பவுண்டு. நிற்கும்போது கால் அரை அடி அமுங்கும் என்று வைத்துக்கொண்டால் ஸ்பிரிங் எண் அடிக்கு 5,220 பவுண்டு. அதிலிருந்து, துள்ளலை முழுக்க அடக்கும் தணிப்பு எண் ஏறக்குறைய 1,300 வரும். அதில் நாற்பது சதவீதம், அதாவது 520 போடு. நடுக்கம் நின்றுவிடும், தரையில் மோதினால் ஒரு தடவை எழும்பி அடங்கும்.

உருளும் திசைக்கான நிலைமத்தையும் பார். அதற்கும் இறக்கை அகலம், எடை இரண்டையும் வைத்துப் போடும் சூத்திரம் இருக்கிறது, இந்த விமானத்துக்கு 7,000 ஸ்லக் சதுர அடிக்குப் பக்கத்தில் வரவேண்டும். யாராவது 1,000 என்று போட்டிருந்தால் போர் விமானம் மாதிரி திரும்பும்.

லூனாஸ் ஒலி எழுதியது:

கெடாவிலிருந்து எட்டிப் பார்க்கிறேன். ஒலி என் பக்கம். பிரிட்டிஷ் பயிற்சி விமானமான புரோவோஸ்டிலும் போக்குவரத்து விமானமான பெம்புரோக்கிலும் இதே லியோனிடஸ் குடும்ப எஞ்சின்தான். பறக்கும் நிலையில் காப்பாற்றப்பட்ட விமானங்களைப் பதிவு செய்தவர்களிடம் எழுதி அனுமதி கேட்கிறேன். அனுமதி வராமல் எதையும் சேர்க்கக்கூடாது, ஜிபிஎல்லில் போகிற கோப்பு இது.

ஒரே பதிவை வேகமாகவும் மெதுவாகவும் ஓட்டும் பழக்கத்தை விட்டுவிடலாம். சுழல் வேகத்துக்கு ஒரு அடுக்கு, எஞ்சின் சுமைக்கு ஒரு அடுக்கு, காற்றாடிக்குத் தனி அடுக்கு. த்ராட்டிலை இழுத்தால் சுழல் வேகம் மாறாமலேயே ஒலி வெறுமையாக வேண்டும். நிலையான சுழல் வேகக் காற்றாடியில் காது அதைத்தான் முதலில் பிடிக்கும்.

கருவிப்பலகை எழுதியது:

லெகாப் ஓடுபாதையை யார் செய்வது? விமானம் மட்டும் இருந்து இறங்க இடமில்லை என்றால் என்ன பயன்?

சிப்புட் சிறகு எழுதியது:

அக்கா, அதைத்தான் ராத்திரி பகலாக யோசிக்கிறேன். சிமுலேட்டர்களில் தரை உயரம் பெரும்பாலும் 2000ஆம் ஆண்டு விண்ணோடம் ராடாரில் அளந்த தரவிலிருந்து வருகிறது. பழைய வெளியீட்டில் புள்ளிக்குப் புள்ளி 90 மீட்டர். ஓடுபாதை இருநூறு முந்நூறு மீட்டர்தான் என்றால் அதன்மேல் மூன்று நான்கு புள்ளிதான் விழும், பள்ளத்தாக்கே மழுங்கிப்போகும். 30 மீட்டர் தரவை எடுத்தாலும் இன்னொரு சிக்கல்: அந்த ராடார் பார்த்தது மரத்தின் தலையை, தரையை இல்லை. நம் காட்டு மரங்கள் முப்பது மீட்டருக்கு மேலே போகும். அதனால் ஆற்றங்கரையும் வெட்டவெளியும் குழி மாதிரி தெரியும், மலைச்சரிவு முழுக்கக் காட்டின் உயரத்துக்கு வீங்கியிருக்கும்.

பழைய நில வரைபடத்தின் உயரக் கோடுகளை வைத்துச் சமதளத்தைக் கையால் திருத்த வேண்டும். மரங்களைத் தனியாக நட வேண்டும். மரம் சரியான உயரத்தில் இருந்தால்தான் பைலட் ஏன் அவ்வளவு செங்குத்தாக இறங்க வேண்டியிருந்தது என்று புரியும்.

பழைய ஃபிட்டர் எழுதியது:

தம்பி, மதியத்துக்குப் பிறகு மழை மேகம் கட்டுவதையும் போடு. எங்கள் பக்கம் மலை மேல் இரண்டு மூன்று மணிக்கெல்லாம் கறுத்துவிடும். காலையில் போய் மதியத்துக்குள் திரும்பிவிட வேண்டும் என்ற அவசரம் பறப்பவனுக்குத் தெரியட்டும்.

ஈப்போ ஓடுபாதை எழுதியது:

வானிலையை விமானக் கோப்பில் வைக்க முடியாது ஐயா, ஆனால் சேர்த்துக் கொடுக்கும் பயணக் கோப்பில் வைக்கலாம். நல்ல யோசனை, நான் எழுதுகிறேன்.

சிறகு, வெளியிடுவதற்கு முன் ஒரு சோதனை கட்டாயம். 80 நாட்டில் நேராகச் சமன் செய்து, ஸ்டிக்கை இழுத்து ஐந்தாறு நாட் குறைத்துக் கையை விடு. மூக்கு மெதுவாக இறங்கி ஏறி அலைபாயும். ஒரு அலைக்கு ஏறக்குறைய 19 நொடி ஆகவேண்டும். இது எந்த விமானத்துக்கும் வேகத்தைப் பொறுத்தே பெரும்பாலும் அமையும், அதனால் பயனியரை யாரும் ஓட்டிப் பார்க்காமலேயே சரிபார்க்கலாம். 10 நொடியிலோ 40 நொடியிலோ வந்தால் இழுவையிலோ எடைமையத்திலோ ஏதோ கோளாறு.

செம்பனைக்காடு எழுதியது:

அண்ணே, உங்கள் சக்கர எண்களைப் போட்டபின் நடுக்கம் போய்விட்டது. அலைச் சோதனையையும் இப்போதே ஓட்டினேன். முழு எடையில் 18 நொடி. எடையைக் குறைத்தாலும் அதே அளவுதான் வருகிறது. ஆனால் ஃபிளாப் முழுவதும் இறக்கினால் அலை அடங்காமல் ஒவ்வொரு தடவையும் பெரிதாகிறது.

சிப்புட் சிறகு எழுதியது:

18 நொடி அருமை. ஃபிளாப் இறக்கியபின் பெரிதாவது, வாலுக்குப் போகும் காற்றின் கீழ்நோக்கிய கோணத்தை நான் ஃபிளாப்போடு இன்னும் இணைக்காததால் இருக்கலாம். இன்றிரவு அந்த அட்டவணையைச் சேர்த்துக் களஞ்சியத்தில் ஏற்றுகிறேன். எஞ்சினைச் சும்மா சுற்றவிட்டு ஒரு தடவை, முக்கால் பலத்தில் ஒரு தடவை என்று ஒவ்வொரு ஃபிளாப் நிலையிலும் ஓட்டி முடிவை இங்கே போடு தம்பி. அக்கா, அதற்குள் பலகையின் வெற்றுத் தகட்டை மட்டும் அனுப்பினால் பூஸ்ட் கருவியை முதலில் உட்கார வைத்துவிடலாம்.